இந்தப் பைனரி எந்தக் கமிட்டிலிருந்து வந்தது? பில்ட் முத்திரை குறித்த சில அனுபவங்கள்

பிறர் தங்கள் கணினிகளில் நிறுவிப் பயன்படுத்தும் நிரல் ஒன்றைப் பராமரிப்பவருக்கு, பழுது குறித்த தகவல் வந்தவுடன் முதலில் தெரிய வேண்டியது அங்கே ஓடிக்கொண்டிருக்கும் பைனரி, அதாவது கணினி நேரடியாக இயக்கும் கோப்பு, எந்த மூலநிரலிலிருந்து உருவானது என்பதுதான். அது தெரியாத வரை நிரல் எந்த வரியில் நின்றது என்று காட்டும் ஸ்டேக் டிரேஸில் உள்ள வரி எண்ணைக்கூட நம்ப முடியாது. நாம் திறந்து வைத்திருக்கும் கோப்பின் 412ஆம் வரியும், மூலநிரலிலிருந்து அந்தப் பைனரி உருவாக்கப்பட்டபோது, அதாவது கம்பைல் செய்யப்பட்டபோது, இருந்த 412ஆம் வரியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கம்பைல் ஆகும் நேரத்துத் தகவலை முத்திரையாக நிரலுக்குள்ளேயே பதித்து வைக்கும் வழக்கம் இந்தத் தேவைக்காகவே உருவானது. ஆனால் எந்தத் தகவலைப் பதிப்பது, எந்த இடத்தில் பதிப்பது, பதிந்த தகவல் உண்மைதானா என்று எப்படிச் சரிபார்ப்பது ஆகிய மூன்றிலும் தவறிப்போக நிறைய வழிகள் உண்டு.

என் பொறுப்புக்கு வந்து சேர்ந்த நிரல், கருவிகளிலிருந்து அளவீடுகளைத் திரட்டிச் சேமிக்கும் ஒரு பின்னணிச் சேவை. அதன் மையப்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது. பிற்பாடு சேர்ந்த பகுதிகள் கோ மொழியிலும் ரஸ்ட்டிலும் அமைந்தன. பிற கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் ஒரு ஹெடர் கோப்பில் 2.3 என்ற பதிப்பு எண் கையால் எழுதப்பட்டிருந்தது. இரண்டு இடங்களில் ஓடிய பைனரிகள் தங்களை 2.3 என்றே அறிவித்துக்கொண்டன. ஒன்று நீளமான கோப்புப் பெயர்களைச் சரியாகக் கையாண்டது, மற்றொன்று பாதியில் வெட்டியது. திருத்தம் எப்போதோ செய்யப்பட்டுவிட்டது, ஆனால் பதிப்பு எண்ணை வெளியீட்டின்போது மட்டுமே மாற்றுவது வழக்கம் என்பதால், இரு வெளியீடுகளுக்கு இடையே உருவான பைனரிகள் எல்லாமே ஒரே பெயரைச் சுமந்துகொண்டிருந்தன. பதிப்பு எண் பயனருக்கான அறிவிப்பு. பராமரிப்பவருக்கு அதைவிட நுணுக்கமான ஓர் அடையாளம் வேண்டும்.

அந்த நிரலை எழுதியவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. அதனால்தான் அவர்கள் பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் டேட், டைம் என்னும் இரு மேக்ரோக்களையும் சேர்த்திருந்தார்கள். பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளுடன் எழுதப்படும் இவை 1989ஆம் ஆண்டின் சி தரநிலையிலேயே இடம்பெற்றவை. கம்பைலர் அந்தக் கோப்பைக் கையிலெடுக்கும் தேதியும் நேரமும் சரங்களாக அந்த இடத்தில் வந்து அமர்ந்துவிடும். தனிக் கருவி வேண்டாம், மூலநிரலைப் பைனரியாக்கும் பில்ட் அமைப்பில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம். இந்த எளிமைதான் அவற்றை எங்கும் பரப்பியது.

தேதி மேக்ரோ தரும் சரம் எப்போதும் 11 எழுத்துகள் கொண்டது: மாதத்தின் ஆங்கிலப் பெயரில் முதல் மூன்று எழுத்துகள், ஓர் இடைவெளி, நாளுக்கு இரண்டு இடங்கள், மீண்டும் ஓர் இடைவெளி, நான்கு இலக்க ஆண்டு. நாள் பத்துக்குக் குறைவாக இருந்தால் முன்னால் சுழியம் வராது, வெற்றிடம் வரும். ஆகவே ஒவ்வொரு மாதத்திலும் முதல் ஒன்பது நாட்களில் கம்பைல் செய்த பைனரிகளில் மாதத்துக்கும் நாளுக்கும் நடுவே இரண்டு இடைவெளிகள் இருக்கும். நிரல் தன் செயல்களைப் பதியும் லாக் கோப்புகளின் தலைப்பு வரியை ஒற்றை இடைவெளியை வைத்துப் பிரித்துப் படித்த எங்கள் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று, மாதத் தொடக்கத்தில் உருவான பைனரிகளின் லாக்குகளை மட்டும் நிராகரித்துக்கொண்டிருந்தது. பத்தாம் தேதிக்குப் பிறகு சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது. இந்தச் சரத்தை எவரேனும் எந்திரத்தால் படிக்க முயல்வதைக் கண்டால், வெற்றிடத்துக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நேர மண்டலம் எங்கும் பதிவாவதில்லை என்பது அடுத்த குறை; பில்ட் நடந்த கணினியின் கடிகாரம் என்ன காட்டியதோ அதுவே சரத்தில் இருக்கும்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல், அந்தத் தேதி நிரலுக்கு உரியதல்ல, அந்த மேக்ரோ அமர்ந்திருக்கும் ஒரே ஒரு கோப்புக்கு உரியது என்பதில் இருக்கிறது. மேக் போன்ற கருவிகள் மாறிய கோப்புகளை மட்டுமே மீண்டும் கம்பைல் செய்யும். தேதியை அச்சிடும் வரி பிரதானக் கோப்பில் இருக்க, திருத்தம் பிணையத் தொடர்புக்கான கோப்பில் நிகழ்ந்தால், பிரதானக் கோப்பை முன்பு கம்பைல் செய்து கிடைத்த பழைய ஆப்ஜெக்ட் கோப்பே மறுபடி இணைக்கப்படும். புதிய பைனரி மூன்று வாரம் முந்தைய தேதியை எவ்விதத் தயக்கமுமின்றி அறிவிக்கும். முத்திரை இல்லாத பைனரியைக் கண்டால் எவரும் விசாரிப்பார்கள். தவறான முத்திரையுள்ள பைனரியை எவரும் சந்தேகிப்பதில்லை, அதனால் அதுவே அதிகக் கேடு விளைவிக்கும். இதே மேக்ரோவை ஹெடர் கோப்பின் இன்லைன் செயற்கூறு ஒன்றுக்குள் எழுதியிருந்தால் நிலைமை இன்னும் விசித்திரமாகும்: அந்த ஹெடரைச் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு கோப்பிலும் வெவ்வேறு நொடி பதியும், சி பிளஸ் பிளஸில் இது ஒரே செயற்கூறுக்கு ஒரே வரையறைதான் இருக்க வேண்டும் என்ற விதியையே மீறுவதாகும்.

இந்தக் கோளாறுகளை எல்லாம் சரிசெய்துவிட்டாலும், நேரம் நம் கேள்விக்கு விடையாகாது என்பதே என் தீர்க்கமான கருத்து. பில்ட் நேரத்தைக் கொண்டு மூலநிரலைத் தேடுவது, பிறந்த நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆளைத் தேடுவதைப் போன்றது. ஒரே நிமிடத்தில் இரு வேறு கிளைகளிலிருந்து இருவர் பில்ட் செய்யலாம். பழைய கமிட் (மூலநிரலின் பதிவு செய்யப்பட்ட ஒரு நிலை) ஒன்றை இன்று எடுத்துப் பில்ட் செய்தால் அதற்கு இன்றைய தேதியே விழும். மறுபக்கம், மூலநிரலில் ஓர் எழுத்தும் மாறாமலேயே இரண்டு முறை பில்ட் செய்தால் இரண்டு வேறுபட்ட பைனரிகள் கிடைக்கும். வேறுபாடு நேரச் சரத்தில் மட்டுமா, வேறெங்குமா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல இயலாது. கம்பைல் விளைவுகளைச் சேமித்து வைத்துக்கொண்டு மறுபடி பயன்படுத்தும் சிகேஷ் போன்ற கருவிகளும், நேர மேக்ரோ உள்ள கோப்பில் சேமிப்பைப் பயன்படுத்த முடியாமல் நிற்கும்.

ஒரே மூலத்திலிருந்து எவர் பில்ட் செய்தாலும் பைட்டுக்குப் பைட் ஒரே பைனரி கிடைக்க வேண்டும் என்னும் முயற்சி டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலின் சமூகத்தில் 2013 முதல் வேகம் பெற்றது. தரவிறக்கிய பைனரியில் இடையில் எவரும் கை வைக்கவில்லை என்பதைச் சரிபார்க்க, அதே மூலத்தை மற்றொருவர் பில்ட் செய்து ஒப்பிட்டுப் பார்ப்பதே இதன் நோக்கம். அந்த ஒப்பீட்டை மிகச் சாதாரணமாகக் கெடுத்த காரணிகளுள் பில்ட் நேரம் முன்வரிசையில் நின்றது. ஜிசிசி கம்பைலரின் 4.9 பதிப்பில் இந்த மேக்ரோக்களைக் கண்டால் எச்சரிக்கும் வசதி சேர்க்கப்பட்டது. லினக்ஸ் கெர்னலின் மேக்ஃபைல் அந்த எச்சரிக்கையைப் பிழையாகவே கருதுகிறது. கெர்னலில் தேதியே இல்லை என்பது இதன் பொருளல்ல. ப்ராக் அடைவின் வெர்ஷன் கோப்பைத் திறந்தால் பயனர் பெயர், கணினிப் பெயர், கம்பைலர் பதிப்பு, தேதி எல்லாமே தெரியும். அவை ஒரே ஓர் இடத்தில் பில்ட் அமைப்பால் எழுதப்படுகின்றன, தேவையானால் வெளியிலிருந்து சூழல் மாறிகளால் மாற்றியமைக்கவும் முடிகிறது. கெர்னல் தடுப்பது மூலக்கோப்புகளில் கண்ட இடத்தில் எல்லாம் தேதியைத் தூவுவதைத்தான்.

2015இல் முன்மொழியப்பட்ட சோர்ஸ் டேட் ஈபாக் என்னும் சூழல் மாறி இதற்கொரு நடுவழியைத் தந்தது. 1970 தொடக்கத்திலிருந்து எண்ணப்படும் நொடிகளாக ஒரு நேரத்தை அதில் வைத்தால், அதை மதிக்கும் கருவிகள் கணினிக் கடிகாரத்துக்குப் பதிலாக அதையே பயன்படுத்தும். ஜிசிசி 7ஆம் பதிப்பிலிருந்து தேதி மேக்ரோக்களும் அதற்குக் கட்டுப்படுகின்றன. எங்கள் பில்ட் ஸ்கிரிப்ட் கடைசிக் கமிட்டின் நேரத்தை எடுத்து அந்த மாறியில் வைக்கிறது. முத்திரையிலும் அதைக் கமிட் நேரம் என்றே குறிப்பிடுகிறோம். பில்ட் நேரம் என்று பெயர் சூட்டிக் கமிட் நேரத்தைக் காட்டினால் பின்னால் வருபவர் குழம்புவார்.

ஆக, பதிக்க வேண்டிய முதல் தகவல் கமிட்டின் ஹாஷ், அதாவது அதன் அடையாள எண். கமிட் ஹாஷ் அந்தக் கமிட்டின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவதால், அதே கமிட்டில் உள்ள ஒரு கோப்புக்குள் அந்த ஹாஷை முன்கூட்டியே எழுதி வைக்க முடியாது. எழுதினால் உள்ளடக்கம் மாறும், உள்ளடக்கம் மாறினால் ஹாஷும் மாறும். எனவே இந்தத் தகவல் பில்ட் நடக்கும்போது வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். சிலர் கமிட்டுக்குப் பிறகு பதிப்புக் கோப்பைத் திருத்தி அதையும் மூலநிரல் வரலாற்றைக் காக்கும் களஞ்சியத்தில் சேர்க்க முயல்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் எப்போதுமே ஒரு கமிட் பின்தங்கிய ஹாஷ்தான் இருக்கும்.

மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்னும் கருவியின் டிஸ்க்ரைப் கட்டளை இதற்குப் பொருத்தமானது. அது தரும் சரம் ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம்: வி2.3.0-7-ஜி3190427-டர்ட்டி. முதல் பகுதி, இந்தக் கமிட்டின் முன்னோர்களில் கிடைத்த மிக அண்மைய டேக், அதாவது கமிட்டுக்கு இட்ட பெயர். அடுத்த 7, அந்த டேக்குக்குப் பிறகு சேர்ந்த கமிட்டுகளின் எண்ணிக்கை. ஜி என்பது கிட் என்பதன் முதலெழுத்து. அதைத் தொடர்வது சுருக்கப்பட்ட ஹாஷ். டர்ட்டி என்ற வால், களஞ்சியத்தில் உள்ள கோப்புகளில் இன்னும் கமிட் செய்யப்படாத மாற்றம் இருக்கிறது என்பதற்கான அறிவிப்பு. அதற்கான கொடியைக் கொடுத்தால் மட்டுமே அது ஒட்டும். குறிப்புரையுடன் கூடிய டேக்குகளை மட்டுமே இந்தக் கட்டளை இயல்பாகக் கணக்கில் கொள்ளும் என்பதால், சாதாரண டேக்குகளைப் பயன்படுத்துவோர் டேக்ஸ் கொடியையும் சேர்க்க வேண்டும்.

டர்ட்டி என்ற அந்த ஒரு சொல் எங்களுக்குப் பல மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தியிருக்கிறது. அவசரத்தில் ஒருவர் தம் கணினியிலிருந்தே பைனரியை உருவாக்கி நேரடியாக அனுப்பிவிடுவது எந்தக் குழுவிலும் நடக்கக்கூடியது. அப்படி வந்த பைனரியை ஆராயும்போது, மூலநிரலோடு பொருந்தாத நடத்தைக்கு விளக்கம் முத்திரையிலேயே கிடைத்துவிடும். ஆனால் இந்த அடையாளத்துக்கும் எல்லைகள் உண்டு. களஞ்சியத்தில் இதுவரை சேர்க்கப்படாத புதிய கோப்பு ஒன்று அடைவில் கிடந்தால், டிஸ்க்ரைப் கட்டளை அதைப் பொருட்படுத்தாது. மேக்ஃபைல் அடைவில் உள்ள எல்லா சி கோப்புகளையும் தானாகத் திரட்டும் வகையில் எழுதப்பட்டிருந்தால், அந்தப் புதிய கோப்பு பைனரிக்குள் போய்விடும், முத்திரையோ சுத்தமாகவே காட்சியளிக்கும். மேலும், டர்ட்டி நிலையில் உருவான இரண்டு பைனரிகள் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபட்டிருந்தாலும் முத்திரை ஒன்றாகவே இருக்கும். ஆகவே டர்ட்டி பைனரியை அடையாளம் காண்பதைவிட அதை வெளியே விடாமல் தடுப்பதே உருப்படியான வழி என்று முடிவு செய்தோம். எதிர்த்திசையிலும் ஒரு தொல்லை உண்டு: பில்ட்டே களஞ்சியத்தில் உள்ள ஒரு கோப்பை மாற்றி எழுதுமானால் எல்லாப் பைனரிகளும் டர்ட்டி ஆகிவிடும், எச்சரிக்கையும் மதிப்பிழந்துபோகும். பில்ட் உருவாக்கும் கோப்புகள் அனைத்தும் களஞ்சியம் புறக்கணிக்கும் தனி அடைவில் இருக்க வேண்டும் என்ற கண்டிப்பு எங்களிடம் இதனால்தான் வந்தது.

தானியங்கி பில்ட் சேவைகளில் இந்தக் கட்டளை வேறு முகம் காட்டும். அவற்றுள் பல, வேகத்துக்காகக் கடைசிக் கமிட்டை மட்டும் இறக்கிக்கொள்கின்றன. கிட்ஹப் ஆக்ஷன்ஸின் செக்அவுட் படியும் இயல்பில் அப்படித்தான். முந்தைய வரலாறும் டேக்குகளும் இல்லாததால் டிஸ்க்ரைப் தோற்றுப்போகும், அல்லது ஆல்வேஸ் கொடி கொடுத்திருந்தால் வெறும் ஹாஷை மட்டும் தரும். முழு வரலாற்றையும் இறக்கச் சொல்வது இதற்குத் தீர்வு.

அப்படி ஜி என்ற முன்னெழுத்து இல்லாமல் வெறும் ஹாஷ் கிடைக்கும்போது ஒளிந்திருக்கும் ஒரு பொறியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஹாஷ் 16 அடிமான எண். ஒவ்வோர் இடத்திலும் பத்து இலக்கங்களும் ஆறு எழுத்துகளும் சம வாய்ப்புடன் வரும். சுருக்க ஹாஷின் ஏழு இடங்களிலும் இலக்கங்களே வந்து விழ ஏறக்குறைய 3.7 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அதாவது 27 கமிட்டுகளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஹாஷை மேற்கோள்குறி இல்லாமல் யாமெல் என்னும் அமைவு வடிவக் கோப்பில் எழுதினால், படிக்கும் நிரல் அதைச் சரமாக எடுத்துக்கொள்ளாமல் எண்ணாக எடுத்துக்கொள்ளும். சுழியத்தில் தொடங்கினால் பழைய யாமெல் விதிப்படி எட்டடிமான எண்ணாகவும் திரியக்கூடும். நடுவில் ஒரே ஒரு ஈ எழுத்து மட்டும் வந்தால் அடுக்குக்குறி எண்ணாகிவிடக்கூடும். எங்கள் நிறுவல் ஸ்கிரிப்ட் எப்போதாவது ஒருமுறை காரணமே இல்லாமல் தோற்பதாகத் தோன்றியதன் பின்னணி இதுதான். மறு கமிட் செய்தவுடன் சரியாகிவிடும் என்பதால் நெடுநாள் எவரும் துருவிப் பார்க்கவில்லை. ஜி முன்னெழுத்தை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டாலே இந்தச் சிக்கல் முழுவதும் அற்றுப்போகும்.

சி பகுதியில் நாங்கள் இறுதியில் வந்து சேர்ந்த அமைப்பு எளியது. பதிப்புத் தகவலுக்கென்று ஒரே ஒரு சிறு சி கோப்பு உண்டு. அதில் ஓரிரு சர மாறிகளுக்கு மேல் எதுவும் இல்லை. அதைப் பில்ட் ஸ்கிரிப்ட் உருவாக்குகிறது. மற்ற கோப்புகள் அந்த மாறிகளின் அறிவிப்பை மட்டும் ஹெடர் வழியாக அறிந்திருக்கும், மதிப்பை அறியா. மதிப்பையே ஹெடரில் மேக்ரோவாக எழுதினால், ஒவ்வொரு கமிட்டுக்கும் அந்த ஹெடரைச் சேர்த்த கோப்புகள் அனைத்தும் மறுபடி கம்பைல் ஆகும். பெரிய நிரல்களில் இது பொறுக்கக்கூடியதல்ல. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு பில்ட்டிலும் தவறாமல் ஓடும், ஆனால் முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, பழையதோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மட்டுமே மாற்றி வைக்கும். முத்திரை மாறாத பில்ட்டில் எதுவும் மறுபடி கம்பைல் ஆகாது. மாறினால் ஒரு சிறு கோப்பு கம்பைல் ஆகி, இணைப்பு ஒருமுறை நடக்கும்.

சிமேக் என்னும் பில்ட் கருவியைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எக்ஸிகியூட் ப்ராசஸ் வழியாகக் கிட்டை அழைப்பதும், டைம்ஸ்டாம்ப் எடுப்பதும் உள்ளமைவுக் கட்டத்தில் நிகழ்பவை, பில்ட் கட்டத்தில் அல்ல. காலையில் ஒருமுறை உள்ளமைத்துவிட்டு மாலை வரை பில்ட் செய்துகொண்டிருந்தால், காலை ஹாஷே எல்லாப் பைனரிகளிலும் இருக்கும். தனி டார்கெட் ஒன்றை அமைத்து, அது ஒவ்வொரு பில்ட்டிலும் ஒரு சிமேக் ஸ்கிரிப்டை ஓட்டுமாறு செய்வதே சரி. கான்ஃபிகர் ஃபைல் கட்டளை, உள்ளடக்கம் மாறாவிட்டால் கோப்பைத் தொடாது என்பதால் மேலே சொன்ன ஒப்பீடு தானாகவே கிடைத்துவிடும்.

கோ மொழியில் முத்திரையை, கம்பைல் ஆன பகுதிகளை ஒன்றிணைக்கும் லிங்கர் கட்டத்தில் பதிப்பது நெடுநாள் வழக்கம். எல்டி ஃபிளாக்ஸ் வழியாக எக்ஸ் என்ற கொடியில் மாறியின் முழுப் பாதையும் மதிப்பும் கொடுத்தால், லிங்கர் அந்த மாறியில் மதிப்பை வைத்துவிடும். மாறி சர வகையாக இருக்க வேண்டும். கான்ஸ்ட் என்று அறிவித்திருந்தால் பயனில்லை. செயற்கூறு அழைப்பால் தொடக்க மதிப்பு தரப்பட்டிருந்தாலும் பயனில்லை. பாதையில் ஓர் எழுத்து பிழையாக இருந்தால் லிங்கர் எதுவும் சொல்லாது என்பதே இதில் மிகவும் எரிச்சலூட்டும் அம்சம். தொகுப்பு ஒன்றின் பெயரை ஒருவர் சீரமைத்தால் போதும், அன்று முதல் முத்திரை வெறுமையாகும், பில்ட்டோ வெற்றி என்றே காட்டும். 2022 மார்ச்சில் வந்த கோ 1.18 இந்தத் தேவையைப் பெருமளவு நீக்கிவிட்டது. கமிட் ஹாஷ், கமிட் நேரம், மாற்றம் உண்டா இல்லையா என்ற குறிப்பு ஆகிய மூன்றையும் கோ கட்டளையே பைனரியில் பதிக்கிறது. நிரலுக்குள்ளிருந்து ரீட் பில்ட் இன்ஃபோ செயற்கூறால் படிக்கலாம், வெளியிலிருந்து கோ வெர்ஷன் கட்டளைக்கு எம் கொடி கொடுத்துப் படிக்கலாம். இங்கே சேர்க்கப்படாத புதிய கோப்புகளும் மாற்றமாகவே கருதப்படும், ஆகவே டிஸ்க்ரைப் சுத்தம் என்று சொல்லும் அதே அடைவைக் கோ மாற்றமுள்ளது என்று சொல்லலாம். இரண்டில் கோவின் கண்டிப்பையே நான் விரும்புகிறேன்.

இது டாக்கர் போன்றவை உருவாக்கும் தனித்த சூழலான கண்டெய்னருக்குள் நடக்கும்போது தனிக் கவனம் வேண்டும். டாக்கர் புறக்கணிப்புக் கோப்பில், கிட் தன் வரலாற்றை வைக்கும் டாட் கிட் அடைவு இடம்பெற்றிருந்தால், பில்ட் எவ்விதப் புகாருமின்றி முடிந்து, முத்திரை மட்டும் இல்லாமல் போகும். அந்த அடைவு உள்ளே இருந்தும் அதன் உரிமையாளர் வேறு பயனராக இருந்தால், 2022 ஏப்ரலில் வந்த பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பிந்தைய கிட் அதைத் திறக்க மறுக்கும், கோ பில்ட்டும் பிழையோடு நிற்கும். அங்கே பலரும் உடனே முத்திரை பதிக்கும் பில்ட் விசிஎஸ் வசதியையே நிறுத்திவிடுகிறார்கள். அந்த அடைவை நம்பத்தக்கது என்று கிட்டுக்கு அறிவிப்பதே முறை. ஹாஷை வெளியிலிருந்து ஆர்க் என்னும் பில்ட் மாறி வழியாக அனுப்புவதாக இருந்தால், அந்த வரியை டாக்கர் கோப்பில் இயன்றவரை கீழே வையுங்கள். மேலே வைத்தால் கமிட்டுக்குக் கமிட் மதிப்பு மாறி, அதற்குப் பின்னுள்ள படிகளின் கேஷ் எல்லாம் வீணாகும்.

ரஸ்ட்டில் பில்ட் ஸ்கிரிப்ட் கிட்டை அழைத்து ஒரு சூழல் மாறியை அமைக்கும். நிரல் அதை என்வ் மேக்ரோவால் எடுத்துக்கொள்ளும். மாறி இல்லாவிட்டால் அந்த மேக்ரோ கம்பைலையே நிறுத்திவிடும் என்பது நல்ல பண்பு. ஆனால் பில்ட் ஸ்கிரிப்ட் எப்போது மீண்டும் ஓட வேண்டும் என்பதை ரஸ்ட்டின் பில்ட் கருவியான கார்கோவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். டாட் கிட் அடைவின் ஹெட் கோப்பு மாறினால் ஓடு என்று எழுதி வைப்பது பரவலாகக் காணப்படும் ஆலோசனை. அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்: ஹாஷ் அதில் இருக்காது, தற்போதைய கிளையின் பெயரைச் சுட்டும் ஒற்றை வரிதான் இருக்கும். அதே கிளையில் எத்தனை கமிட் செய்தாலும் அந்த வரி மாறுவதில்லை. கிளைக்குரிய ரெஃப் கோப்பையும் கண்காணிக்க வேண்டும். அல்லது ஒவ்வொரு கமிட்டுக்கும் வளரும் லாக்ஸ் அடைவிலுள்ள ஹெட் கோப்பைக் கண்காணிக்கலாம். ஒரே களஞ்சியத்தைப் பல அடைவுகளில் திறக்கும் வொர்க்ட்ரீ வசதியைப் பயன்படுத்துவோரின் அடைவில் டாட் கிட் என்பது அடைவாக இல்லாமல் வெறும் கோப்பாக இருக்கும் என்பதால், பாதையைக் கையால் எழுதாமல் கிட்டிடமே கேட்டுப் பெறுவது நல்லது.

களஞ்சியமே இல்லாமல் டார் என்னும் தொகுப்புக் கோப்பாக மூலநிரலைப் பெறுபவர்களையும் கருதியாக வேண்டும். கிட்டின் எக்ஸ்போர்ட் சப்ஸ்ட் பண்பை ஒரு கோப்புக்குக் கொடுத்து, அதில் உரிய வடிவத்தில் இடம் ஒதுக்கி வைத்தால், ஆர்க்கைவ் கட்டளை டார் உருவாக்கும்போது ஹாஷை அங்கே நிரப்பிவிடும். சுருக்க ஹாஷ் வேண்டாம், முழு 40 இலக்க ஹாஷையே கேளுங்கள். களஞ்சியம் வளர வளரச் சுருக்கத்தின் நீளம் கூடலாம், அப்போது அதே டேக்கின் டார் வேறு பைட்டுகளோடு வெளிவரும். இந்த எண்ணம் புதியதொன்றுமல்ல. பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கிண்ட் 1972இல் தொடங்கிய எஸ்சிசிஎஸ் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவி, மூலக்கோப்பில் உள்ள குறிகளை விரித்துப் பதிப்புத் தகவலாக்கியது. அட் குறி, அடைப்புக்குள் ஹாஷ் குறி என்ற நான்கெழுத்துத் தொடக்கத்தைத் தேடி, பைனரிக்குள்ளிருந்தே அந்தத் தகவலை எடுத்துக்காட்ட வாட் என்றொரு கட்டளையும் இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் தனி எண் என்பதே அன்றைய முறை. முழுக் களஞ்சியத்துக்கும் ஒரே ஹாஷ் என்று வந்த பிறகுதான் ஒற்றை முத்திரை போதுமானதாயிற்று.

நிரலை ஓட்டாமலேயே முத்திரையைப் படிக்க முடிவது அந்தப் பழைய கட்டளையின் சிறப்பு. செயலிழந்து தொடங்கவே மறுக்கும் பைனரியிடம் பதிப்பைக் கேட்க முடியாது, பைனரியிலுள்ள எழுத்துகளை எடுத்துக்காட்டும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையால் தேடத்தான் முடியும். அதனால் எங்கள் முத்திரை எளிதில் தேடக்கூடிய ஒரு முன்சொல்லோடு தொடங்குகிறது. எவரும் பயன்படுத்தாத ஸ்டேட்டிக் சரத்தைக் கம்பைலர் தூக்கி எறிந்துவிடும் என்பதால் அதற்கு யூஸ்டு பண்பைத் தர வேண்டும். பயன்படாத பகுதிகளை லிங்கர் நீக்கும் அமைப்பில் லிங்கர் ஸ்கிரிப்டிலும் கீப் என்று குறிக்க வேண்டும். லினக்ஸ் பைனரிகளில் லிங்கர் சேர்க்கும் பில்ட் ஐடி இதிலிருந்து வேறுபட்டது. அது பைனரியின் அடையாளம், மூலநிரலின் அடையாளமல்ல. நிரல் செயலிழந்தபோதைய நினைவகப் பதிவான கோர் கோப்பையும், தனியே பிரித்து வைத்த டீபக் (பிழைதேடல்) தகவலையும் பொருத்துவதற்கு அது இன்றியமையாதது. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்கிறோம்.

எதைப் பதிக்கக் கூடாது என்பதில் இரண்டு. கம்பைல் கட்டளையில் மேக்ரோவாகக் கொடுக்கப்படும் கடவுச்சொல்லோ ஏபிஐ சாவியோ பைனரியில் வெறும் எழுத்தாகக் கிடக்கும், எவர் வேண்டுமானாலும் படிக்கலாம். இரண்டாவது, நாம் கேட்காமலேயே பதிவது: நிபந்தனையைச் சோதிக்கும் அசெர்ட் போன்றவை பயன்படுத்தும் ஃபைல் மேக்ரோ வழியாக, பில்ட் செய்தவரின் பயனர் பெயர் உட்பட முழு அடைவுப் பாதையும் பைனரிக்குள் சென்றுவிடும். ஜிசிசி 8 முதல் உள்ள ஃபைல் ப்ரிஃபிக்ஸ் மேப் கொடியும், கோவின் ட்ரிம்பாத் கொடியும் அதைச் சீர்செய்கின்றன.

முத்திரை கிடைக்காதபோது என்ன செய்வது என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. டெவலப்பரின் கணினியில் அறியப்படாதது என்ற சொல்லைப் பதித்துவிட்டு பில்ட் தொடரட்டும், வெளியீட்டு பில்ட்டில் மட்டும் அது பிழையாகட்டும் என்று முடிவெடுத்தோம். வெற்றுச் சரம் எங்கும் அனுமதிக்கப்படுவதில்லை. இப்போது சேவை தொடங்கும்போது லாக்கின் முதல் வரியிலும், வெர்ஷன் கொடியின் விடையிலும் ஒரே முத்திரை வருகிறது. லாக் கோப்பு சுழற்சி முறையில் மாறும்போது புதிய கோப்பின் தலையிலும் அது மறுபடி எழுதப்படுகிறது, ஏனெனில் நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் கடைசி லாக் கோப்பு மட்டுமே. வெளியீட்டின் இறுதிப் படியில் ஒரு ஸ்கிரிப்ட், உருவான பைனரியை ஓட்டி, அது சொல்லும் ஹாஷையும் அப்போது எடுத்திருக்கும் கமிட்டின் ஹாஷையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தாவிட்டாலோ டர்ட்டி என்ற வால் இருந்தாலோ வெளியீடு அங்கேயே நின்றுவிடும்.